பெட்ரோலும் மின்சாரமும் ஒரே வண்டியில்!
பெர்டினாண்டு போர்ஷேயின் வாழ்க்கைக் கதை

ஒரகடம் கூட்டு ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். புத்தம் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010-ல் இன்னொரு கார் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த பூமி இது.

இந்த ஆலைகளில் கார் செய்கிறவர்களும் சொந்தத்துக்குக் கார் வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் வீட்டில் பெரிய ஆலோசனை நடக்கும். பெட்ரோலா, டீசலா, மின்சாரமா என்று பேச்சு ஓடும். கடைசியில் யாராவது ஒருவர் ஹைப்ரிட் காரைப் பற்றிச் சொல்லுவார். பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இருக்கும் கார் அது. விலை சற்று அதிகம். ஆகவே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

2022-ல் இந்தியாவில் வெளியான மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் கார், சோதனையில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் கொடுத்ததாக அறிவிக்கப்பட்டது. சோதனைக் கூடத்துக் கணக்கு வேறு, வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டுக் கணக்கு வேறு. வாங்கியவர்கள் டாங்கியை நிரப்பி, ஓட்டி, மறுபடியும் நிரப்பி, நோட்டுப் புத்தகத்தில் வகுத்துப் பார்த்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி வகுத்துப் பார்க்கும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சாதாரணக் கார், நெரிசலில் நின்று நின்று போனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். ஹைப்ரிட் காருக்கு நெரிசல்தான் சாதகம். வண்டி நின்றால் என்ஜின் அணைந்துவிடும். மெல்ல நகரும்போது மின்சாரத்தில் நகரும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்த்துக்கொள்ளும். ஒரே வேகத்தில் வேலூர் வரை நேராக ஓட்டினால் இந்த மிச்சம் அவ்வளவாகத் தெரியாது. தினமும் ஸ்ரீபெரும்புதூர் சிக்னல்களில் நின்று வேலைக்குப் போகிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெட்ரோலையும் மின்சாரத்தையும் ஒரே வண்டியில் பூட்டுவது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு வயது 120-க்கு மேல். அந்த யோசனையை நம்பி வண்டி கட்டியவர்களில் முக்கியமானவர் பெர்டினாண்டு போர்ஷே. விலை உயர்ந்த பந்தயக் கார்களில் இன்று காணும் போர்ஷே என்ற பெயர் அவருடைய குடும்பப் பெயர்தான்.

அவருடைய கதையில் பெருமையும் உண்டு. தலைகுனிய வேண்டிய பகுதியும் உண்டு.

தகரக் கொல்லரின் மகன்

1875-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி போர்ஷே பிறந்தார். ஊர் மாப்பர்ஸ்டார்ப். அப்போது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் இருந்த பொஹீமியா நாட்டுச் சிற்றூர் அது. இன்று செக் நாட்டில் இருக்கிறது.

தந்தை அந்தோன் தகர வேலை செய்பவர். தொழிலில் கெட்டிக்காரர், கண்டிப்பானவர். மூத்த மகன் பட்டறையில் நடந்த விபத்தில் இறந்துபோனான். ஆகவே பட்டறையை இளையவன் பெர்டினாண்டுதான் ஏற்று நடத்த வேண்டும் என்று தந்தை முடிவு செய்தார்.

பையனுக்கோ தகரத்தில் மனம் இல்லை. அவனுக்கு மின்சாரப் பைத்தியம் பிடித்திருந்தது.

அந்த ஊரில் கின்ஸ்கி என்பவரின் கம்பளத் தொழிற்சாலை இருந்தது. அங்கே மின்சார விளக்கு எரிந்தது. பட்டிக்காட்டுப் பையன் அதை வாயைப் பிளந்து பார்த்தான். பகலில் தந்தையோடு தகரம் தட்டினான். மாலையில் பக்கத்து நகரமான ரைக்கன்பர்க்கில் தொழிற்பள்ளிக்குப் போனான். இரவில் வீட்டு மாடியில் ஒளிந்துகொண்டு பாட்டரிகளை வைத்துப் பரிசோதனை செய்தான். தந்தைக்கு இது தெரிந்தபோது வீட்டில் ரகளை நடந்தது. தாயார்தான் மகன் பக்கம் நின்றார்.

பிறகு ஒரு நாள் அந்த வீட்டிலேயே மின்சார விளக்கு எரிந்தது. கம்பி இழுத்து, எல்லாம் பொருத்தியது பையனே. அதைப் பார்த்த பிறகு தந்தையால் மறுத்துப் பேச முடியவில்லை.

1893-ல் கின்ஸ்கியின் சிபாரிசுடன் போர்ஷே வியன்னா நகரத்துக்கு ரெயில் ஏறினார். வயது 18. பேலா எக்கர் என்ற மின்சாரக் கம்பெனியில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். தரை பெருக்கினார். எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டார். நான்கே ஆண்டுகளில் பரிசோதனைப் பகுதிக்குத் தலைவரானார். ஓய்வு நேரத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போய், மாணவராகச் சேராமலே பாடம் கேட்டார். பட்டம் ஏதும் பெறவில்லை. 1917-ல் அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

சக்கரத்துக்குள் மோட்டார்

வியன்னாவில் லூத்விக் லோனர் என்று ஒருவர் இருந்தார். அரண்மனைக்குக் குதிரை வண்டி கட்டிக்கொடுத்த பரம்பரை. குதிரை வண்டிக் காலம் முடிகிறது என்பதை அவர் உணர்ந்தார். ஆனால் பெட்ரோல் காரின் சத்தமும் புகையும் அவருக்குப் பிடிக்கவில்லை. சத்தமில்லாத மின்சார வண்டி செய்ய விரும்பினார். போர்ஷேயை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

போர்ஷே செய்த வண்டி 1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதில் கியர் இல்லை. சங்கிலி இல்லை. முன் சக்கரங்கள் இரண்டின் குடத்துக்குள்ளும் மோட்டார் இருந்தது. மோட்டார் சுற்றினால் சக்கரம் சுற்றும். நடுவில் சக்தி வீணாக வேறு வழியே இல்லை. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்தார்கள். போர்ஷேக்கு அப்போது வயது 24.

நம் ஊர் ரோட்டில் இன்று ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் சிலவற்றின் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். ஐக்யூப் அப்படிப்பட்டது. மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும்.

பாரிசில் புகழ் கிடைத்தது. ஆனால் ஒரு தொல்லை தீரவில்லை. பாட்டரி! அது ஈயப் பாட்டரி. சுமார் 400 கிலோ எடை. அதைச் சுமந்துகொண்டு 50 கிலோமீட்டர் போனால் மின்சாரம் தீர்ந்துவிடும். பிறகு மணிக்கணக்கில் காத்திருந்து மின்சாரம் ஏற்ற வேண்டும். வழியில் ஏற்றலாம் என்றால், எத்தனை ஊர்களில் மின்சாரம் இருந்தது? இங்கிலாந்திலிருந்து ஹார்ட் என்ற பணக்காரர் நான்கு சக்கரத்திலும் மோட்டார் வைத்த கார் வேண்டும் என்று கேட்டார். செய்து கொடுத்தார்கள். அதன் பாட்டரி மட்டும் 1,800 கிலோ! பாட்டரியைச் சுமப்பதற்காகவே பாட்டரி.

என்றும் உயிருள்ள வண்டி

போர்ஷே யோசித்தார். மின்சாரத்தை வெளியே போய் ஏன் ஏற்ற வேண்டும்? வண்டியிலேயே உற்பத்தி செய்துகொண்டால் என்ன?

1900-ம் ஆண்டிலேயே அதைச் செய்து பார்த்தார். வண்டியின் நடுவில் இரண்டு சிறிய பெட்ரோல் என்ஜின்களை வைத்தார். அவை சக்கரத்தைச் சுற்றவில்லை. டைனமோக்களைச் சுற்றின. டைனமோ கொடுத்த மின்சாரம் சக்கரத்துக்குள் இருந்த மோட்டார்களுக்குப் போனது. மிஞ்சியது பாட்டரிக்குப் போனது. பாட்டரியைச் சிறிதாக்க முடிந்தது. வண்டி சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் என்று கணக்கிடப்பட்டது.

அதற்குச் செம்பர் விவஸ் என்று லத்தீன் மொழியில் பெயர் வைத்தார்கள். என்றும் உயிருள்ளது என்று பொருள்.

இதில் போர்ஷே ஒருவரே முதல்வர் என்று சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தில் ஹென்ரி பீப்பர் என்பவரும் அதே காலத்தில் பெட்ரோலையும் மின்சாரத்தையும் இணைத்து வண்டி செய்தார்.

1901-ல் போர்ஷேயின் வண்டி மிக்ஸ்டே என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டு சிறிய என்ஜின்களுக்குப் பதிலாக ஒரு பெரிய டெய்ம்லர் என்ஜின். போர்ஷே தாமே அதை ஓட்டிப் பந்தயத்தில் வென்றார். 1902-ல் ராணுவப் பயிற்சிக்குப் போனபோது ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டுக்கு அந்த வண்டியை ஓட்டினார். பின்னால் 1914-ல் சரயேவோ நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டு, முதல் உலக யுத்தம் மூளக் காரணமான அதே இளவரசர்தான்.

இவ்வளவு இருந்தும் மிக்ஸ்டே அதிகம் விற்கவில்லை.

ஏன்? விலை அதிகம். ஒரு காரில் இரண்டு காரின் சாமான்கள் இருந்தன. என்ஜின் வேண்டும், டைனமோ வேண்டும், மோட்டார் வேண்டும், பாட்டரியும் வேண்டும். மோட்டார் இருந்த முன்சக்கரங்களின் பளுவை அந்த நாள் டயர்கள் தாங்கவில்லை. என்ஜினிலிருந்து டைனமோ, டைனமோவிலிருந்து மோட்டார் என்று சக்தி கை மாறும்போது ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் குறையும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பது போர்ஷேயின் அப்போதைய நோக்கமும் அல்ல. நெடுந்தூரம் போக வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

எப்போது என்ஜினை அணைப்பது, எப்போது மின்சாரம் எடுப்பது, எப்போது சேமிப்பது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டால்தான் மிச்சம் வரும். அதை மனிதக் கையால் செய்ய முடியாது. கம்ப்யூட்டரும் நல்ல பாட்டரியும் வர வேண்டியிருந்தது. 1997-ம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பிரியஸ் காரை வெளியிட்டது. ஜப்பான் சோதனை முறையில் அது லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுத்தது. செம்பர் விவசுக்கும் பிரியசுக்கும் நடுவில் 97 ஆண்டுகள்!

போர்ஷே கம்பெனி 2011-ல் அந்தப் பழைய செம்பர் விவஸ் வண்டியை, பழைய படங்களைப் பார்த்து மறுபடியும் கட்டி, ஜெனீவா கண்காட்சியில் வைத்தது.

பீரங்கி இழுத்த மின்சாரம்

1906-ல் போர்ஷே ஆஸ்திரோ-டெய்ம்லர் கம்பெனிக்குப் போனார். அவருடைய பெட்ரோல்-மின்சார முறையைக் கார் வாங்குகிறவர்கள் விரும்பவில்லை. ராணுவம் விரும்பியது.

ஸ்கோடா ஆலையின் ராட்சசப் பீரங்கிகளை மலைப் பாதையில் இழுக்க வேண்டும். குதிரைகளால் முடியாது. போர்ஷே ஒரு ரோட்டு ரெயிலைக் கட்டினார். முன்னால் ஒரு வண்டியில் பெட்ரோல் என்ஜினும் டைனமோவும் இருந்தன. பின்னால் வரும் வண்டிகளின் சக்கரங்களில் மோட்டார்கள். மின்சாரம் கம்பி வழியாகப் பின்வண்டிகளுக்குப் போகும். தண்டவாளம் கிடைத்தால் அதிலும் ஓட்டலாம். முதல் உலக யுத்தத்தில் அந்த வண்டிகள் பீரங்கிகளைப் போர்முனைக்கு இழுத்துச் சென்றன.

1923-ல் அவர் ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்து டெய்ம்லர் கம்பெனிக்குத் தலைமை என்ஜினீயரானார். ஒரகடத்தில் இன்று லாரி செய்கிற கம்பெனியின் மூதாதை அதுதான். 1926-ல் அது பென்ஸ் கம்பெனியோடு இணைந்தது. பெரிய பெரிய மெர்சிடீஸ் பந்தயக் கார்களை போர்ஷே அங்கே உருவாக்கினார். ஆனால் அவர் மனதில் இருந்தது சின்னக் கார். மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. விலகினார். யாரிடமும் நீண்ட நாள் ஒத்துப்போகாத சுபாவம் அவருக்கு. 1931-ல் சொந்தமாக ஆபீஸ் திறந்தார்.

வாரம் 5 மார்க்

1934-ல் ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஏழைக்கும் ஒரு கார் என்பது ஹிட்லரின் விளம்பரம். அந்தக் காரின் இலக்கணம் எழுதப்பட்டது. குடும்பம் முழுவதும் உட்கார வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கக் கூடாது. நம் கணக்கில் லிட்டருக்கு 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விலை 1,000 மார்க்குக்குள் இருக்க வேண்டும்.

இந்தத் தடவை போர்ஷே மின்சாரத்தைத் தொடவில்லை. விலை கட்டாது என்பது மிக்ஸ்டே கற்றுக்கொடுத்த பாடம். பின்பக்கம் காற்றால் குளிரும் சிறிய பெட்ரோல் என்ஜினை வைத்து, வண்டு போன்ற காரை வரைந்தார். அதுதான் வோல்க்ஸ்வாகன். அந்தக் காரின் அமைப்பில் டாட்ரா என்ற செக் கம்பெனியின் யோசனைகள் இருப்பதாக வழக்கு கிளம்பியது. யுத்தத்துக்குப் பிறகு வோல்க்ஸ்வாகன் கம்பெனி பணம் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

காரின் விலை 990 மார்க் என்று அறிவித்தார்கள். வாரம் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி, புத்தகத்தில் ஒட்ட வேண்டும். முழு விலையும் சேர 198 வாரம் பிடிக்கும். ஏறக்குறைய நாலு வருஷம்!

சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், சம்பளக்காரர்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்த்து, கட்டுப்படியாகும் என்று முடிவு செய்து, வாரா வாரம் முத்திரை ஒட்டியவர்கள்.

1938-ல் தொழிற்சாலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். 1939-ல் யுத்தம் வந்துவிட்டது. முத்திரை ஒட்டியவர்களில் ஒருவருக்குக்கூடக் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை ராணுவ வண்டிகளைச் செய்தது.

யார் செய்தார்கள்? போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பிடித்து வந்தவர்கள், போர்க் கைதிகள், சித்திரவதை முகாம் கைதிகள். யுத்த காலத்தில் சுமார் 20 ஆயிரம் பேர் அந்த ஆலையில் கட்டாய வேலை செய்தார்கள். கட்டாய வேலைக்கு வந்த பெண்களின் பச்சைக் குழந்தைகளைப் பிரித்து ஒரு விடுதியில் போட்டார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் கவனிப்பின்றி இறந்தன. அந்த ஆலையின் நிர்வாகத்தில் போர்ஷேயும் இருந்தார். அவருடைய மருமகன் அந்தோன் பீஹ் ஆலையை நடத்தினார். போர்ஷே 1937-லேயே நாஜி கட்சியில் சேர்ந்திருந்தார்.

அவர் அரசியல் அறியாத எந்திரப் பைத்தியம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மேலே கண்ட விவரங்களைப் படித்த பிறகு அதை ஒப்புக்கொள்வது கஷ்டம்.

யுத்தத்தின் நடுவில் அவர் தம்முடைய பழைய யோசனையை மறுபடியும் எடுத்தார். டாங்கிக்குப் பெட்ரோல் என்ஜினும் டைனமோவும் மின்சார மோட்டாரும் வைத்தார். 1942-ல் ஹிட்லர் முன்னிலையில் போட்டி நடந்தது. ஹென்ஷல் கம்பெனியின் டாங்கி தேர்ந்தெடுக்கப்பட்டது. போர்ஷே டாங்கியின் எந்திர அமைப்பு சிக்கலானது. மோட்டார் சுற்ற ஏராளமான செம்பு தேவைப்பட்டது. ஜெர்மனியில் செம்புக்கும் பஞ்சம், பெட்ரோலுக்கும் பஞ்சம். ஏற்கனவே செய்து வைத்திருந்த சுமார் 90 அடிச்சட்டங்களில் பீரங்கி பூட்டி, அவருடைய பெயரையே வைத்து, ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அப்புறம் 188 டன் எடையுள்ள ஒரு பூத டாங்கி செய்தார். அதற்குச் சுண்டெலி என்று பெயர்! அது போர்க்களத்தில் பயன்படவே இல்லை.

சிறை

யுத்தம் முடிந்தது. 1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போர்ஷேயைக் கைது செய்தார்கள். வயது 70. டிஜோன் நகரச் சிறையில் குளிரில் கிடந்தார். உடம்பு கெட்டது.

மகன் பெர்ரி, இத்தாலியக் கம்பெனி ஒன்றுக்குப் பந்தயக் கார் வரைந்து கொடுத்துப் பணம் சம்பாதித்தார். அந்தப் பணம் ஜாமீனுக்குப் போனது. 1947 ஆகஸ்டில் போர்ஷே வெளியே வந்தார். பிறகு பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த வழக்கு பிரான்சில் இருந்த பூஷோ கார் ஆலை சம்பந்தப்பட்டது. வோல்க்ஸ்வாகன் ஆலையில் நடந்தது அதில் வரவில்லை.

1948-ல் பெர்ரி ஆஸ்திரியாவில் ஒரு மரமில் கொட்டகையில் போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் காரைச் செய்தார். கிழவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

1950 நவம்பரில் அவர் வோல்க்ஸ்வாகன் ஆலைக்குப் போனார். ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டுக் கார்கள் அதற்குள் வெளிவந்துவிட்டன. அவர் வரைந்த கார் ரோடெங்கும் ஓடுவதை அவர் கண்ணால் கண்டார். (2003-ம் ஆண்டு மெக்சிகோவில் உற்பத்தி நிற்கும் வரை மொத்தம் 2 கோடியே 15 லட்சம் வண்டுக் கார்கள் தயாராயின.) அந்தப் பிரயாணத்துக்குப் பிறகு அவரைப் பக்கவாதம் தாக்கியது. 1951-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஸ்டட்கார்ட்டில் காலமானார்.

முத்திரை ஒட்டியவர்கள் என்ன ஆனார்கள்? புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு வோல்க்ஸ்வாகன் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். பல ஆண்டுகள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். 1961-ல், போர்ஷே இறந்து 10 ஆண்டுகள் ஆன பிறகு, சமரசம் ஏற்பட்டது. முழுப் பணம் கட்டியவர்கள் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. கார் வேண்டாம் என்றால் 100 மார்க் ரொக்கம்.